மூடலாமா?

டெய்லரம்மா வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது தையல் மெஷின் அல்ல, மீன்தொட்டிதான். முன்னறையில் பாதியை ஓர் இரும்புக் கட்டில் அடைத்துக்கொண்டிருக்கும். கட்டிலில் அவள் வீட்டுக்காரர். கட்டிலை ஒட்டி, அவருடைய வலது கைப் பக்கம், ஒரு மேஜைமேல் தொட்டி. மிச்சம் மீதி இடத்தில்தான் மெஷின், தைத்ததும் தைக்காததுமாகப் பள்ளிக்கூடச் சீருடைகள், அளவு கொடுக்க வருகிறவர்கள் உட்கார ஒரு ஸ்டூல். அந்த ஸ்டூலில் உட்கார்ந்தவர்களில் பாதிப்பேர் ஒரு காலத்தில் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "ஏம்மா, இந்தத் தொட்டிய மூடி வைக்கக் கூடாதா?" கேட்டுவிட்டு அவர்கள் பாட்டுக்குப் போய்விடுவார்கள். அந்தக் கேள்வி அந்த வீட்டை என்ன பாடு படுத்தியது என்று அவர்களுக்கு என்ன தெரியும்?

அதைச் சொல்ல வேண்டுமானால் அவள் வீட்டுக்காரரைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். சுற்றுவட்டாரத்தில் அவரை வேன் மாமா என்றால்தான் தெரியும். பள்ளிக்கூட வேன் ஓட்டினார். வேகமாக ஓட்டுவார் என்றோ, ஜோராகப் பேசுவார் என்றோ பேர் எடுத்தவர் இல்லை. அவர் பேர் எடுத்தது கதவு சாத்துவதில். பிள்ளைகளை ஏற்றியதும் படாரென்று கதவைச் சாத்திவிட மாட்டார். கதவைப் பிடித்துக்கொண்டு, முன் சீட்டிலிருந்து கடைசி சீட்டு வரை ஒவ்வொரு முகமாகப் பார்ப்பார். யார் விரலாவது கதவிடுக்கில் இருக்கிறதா, எந்தப் பையின் வாராவது வெளியே தொங்குகிறதா, எவனாவது சீட்டுக்கு அடியில் ரப்பரைத் தேடிக்கொண்டு கிடக்கிறானா என்றெல்லாம் பார்த்துவிட்டு, "மூடலாமா?" என்பார். உள்ளேயிருந்து "மூடலாம்!" என்று கூரையைப் பிய்க்கிற மாதிரி கத்தல் வர வேண்டும். ஒருத்தர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சும்மா இருந்தாலும் கதவு நகராது. கத்தல் வந்த பிறகு சாத்தி, தகரத்தில் உள்ளங்கையால் இரண்டு தட்டு. எல்லாம் சரி, கிளம்பலாம் என்று அதற்கு அர்த்தம்.

இந்தப் பழக்கம் வேனோடு நின்றிருந்தால் பரவாயில்லை. வீட்டிலும் அதே கூத்துதான். பீரோவைச் சாத்தும்போது "மூடலாமா?" ஜன்னலைச் சாத்தும்போது "மூடலாமா?" ஒருமுறை டெய்லரம்மா வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு ஏதோ அவசரத் தையலில் இருந்தாள். அவர் தண்ணீர் பாட்டிலை எடுத்துவிட்டு ஃபிரிட்ஜ் கதவைப் பிடித்தபடி கேட்டிருக்கிறார். இவள் காதில் விழவில்லை. நிமிர்ந்து பார்த்தால் மனுஷன் அப்படியே நிற்கிறார், கதவு ஆவென்று திறந்து கிடக்கிறது.

"என்னங்க, ஐஸெல்லாம் உருகுது!"

"நீ இன்னும் பதில் சொல்லலையே."

"ஐயோ, மூடித் தொலைங்க!"

"தொலைங்கன்னா மூட மாட்டேன். ஒழுங்கா சொல்லு."

அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை. குண்டூசியெல்லாம் மடியில் கொட்டியது.

அவர்களுடைய கல்யாணமே அந்தக் கேள்வியால் நடந்ததுதான். அப்போது அவள் தைத்துப் பிழைக்கும் சின்னப் பெண். வேன் சீட்டுகளுக்கு உறை தைக்க ஆள் வேண்டும் என்று பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டு அனுப்பினார்கள். வேனுக்குள் தனியாக மண்டி போட்டு அளவெடுத்துக்கொண்டிருந்தாள். வெளியே மழை பிடித்துக்கொண்டது. வாசலில் ஒருவர் வந்து நின்று, "மூடலாமா?" என்றார்.

"எதை?"

"கதவை. சாரல் அடிக்குது பாருங்க."

"நான் உள்ள இருக்கேனே!"

"அதனாலதான் கேக்கறேன்."

கேட்டால் சிரிப்பீர்கள், அவளுக்கு அந்த இடத்தில் கண் கலங்கிவிட்டது. அதுவரை அவளைக் கேட்டு யாரும் எதையும் செய்தது கிடையாது. அப்பா கேட்காமலே படிப்பை நிறுத்தினார். அண்ணன் கேட்காமலே மெஷினில் உட்கார வைத்தான். ஒரு வேன் கதவை மூடுவதற்கு என்னைக் கேட்கிறாரே ஒரு ஆள் என்று அவளுக்கு அதிசயமாக இருந்தது. சாரலில் அவர் நனைந்துகொண்டே நின்றார். அவள் "மூடலாம்" என்றாள். அந்த வருஷமே கல்யாணம் முடிந்தது, அடுத்து ஒரு பெண் குழந்தையும் பிறந்தது.

அந்தப் பெண் வளர்ந்து, வேறு ஊரில் வேலை, குடும்பம் என்று ஆன பிறகு ஒரு நாள் காலையில், பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகளை இறக்கிவிட்டு வேன் கதவைச் சாத்தப் போனவர், கதவைப் பிடித்தபடியே சரிந்தார். பக்கவாதம். உயிர் தப்பியது, வலது கையும் காலும் பேச்சும் போயின. தலையாட்டலையும் நம்ப முடியவில்லை. ஆமாம் என்றாலும் இல்லை என்றாலும் ஒரே ஆட்டுதான். "அவருக்கு எல்லாம் புரியுதும்மா. பதில்தான் தடம் மாறி வருது" என்றார் டாக்டர்.

முதலில் கொஞ்ச நாள் அவளும் கேட்டுக் கேட்டுப் பார்த்தாள். காபி வேணுமா என்றால் தலை ஆடும். கொண்டுவந்தால் வாயை இறுக்கிக்கொள்வார். ஃபேன் வேண்டாமா என்றால் ஆடும். நிறுத்தினால் வேர்த்துக் கொட்டிக்கொண்டு அவளையே பார்ப்பார். பதில் சொல்ல முடியாத மனுஷனிடம் திரும்பத் திரும்பக் கேட்பது குத்திக் காட்டுகிற மாதிரி இருந்தது. அவர் முகம் சுருங்குவதைப் பார்க்கச் சகிக்காமல் அவள் கேட்பதையே விட்டுவிட்டாள். அவளாகவே பார்த்து ஊட்டினாள், அவளாகவே புரட்டிப் போட்டாள், அவளாகவே ஜன்னலைச் சாத்தினாள். வெளியே போக வேண்டியிருந்தால் அவர் கண்ணயர்ந்த நேரம் பார்த்து, சத்தம் வராமல் கதவை இழுத்துக்கொண்டு போய்விட்டு ஓடி வந்துவிடுவாள். சொல்லிக்கொண்டு போனால் அவர் முகம் வாடுமே என்ற பயம். எல்லாம் பாசத்தில் செய்ததுதான், அதில் ஒரு சந்தேகமும் வேண்டாம்.

மீன்தொட்டி மகள் வாங்கிக் கொடுத்தது. "நாள் முழுக்க அப்பா சுவரையா பாத்துட்டு இருப்பாரு?" என்று லீவில் வந்தபோது வாங்கி வைத்துவிட்டுப் போனாள். அடியில் கூழாங்கல், ஒரு ஓட்டைக் கல், காற்றுக்குமிழி விடும் ஒரு சின்ன மோட்டார். மீன்களுக்குப் பேர் வைத்தது டெய்லரம்மா. வாயால் கல்லை எடுத்து இடம் மாற்றி வைத்துக்கொண்டே இருப்பவன் மேஸ்திரி. ஓட்டைக் கல்லுக்குள்ளேயே கிடப்பவள் தூங்குமூஞ்சி. தீனி டப்பாவைத் தொட்டாலே பாய்ந்து மேலே வரும் ஆரஞ்சு நிற மீன் அவசரக்காரி. வேறு சிலதும் உண்டு, அதுகள் பேர் வைக்கிற அளவுக்கு நின்று நிதானிப்பதில்லை.

அவர் என்ன செய்தார் தெரியுமா? ஒரு நாள் இடது கையால் தன் வலது கையைத் தூக்கி, தொட்டி விளிம்பில் போட்டார். சும்மா போட்டு வைத்தார் என்றுதான் அவள் நினைத்தாள். விரல் நுனி தண்ணீரில் பட்டது. அவசரக்காரி வந்து அந்த விரலைக் கொத்தியது. அவருடைய முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது, ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவள் பார்க்காத வெளிச்சம். ஊசி குத்தினால்கூட உறைக்காத கையில் ஒரு சின்ன மீனின் வாய் உறைத்துவிட்டது.

அன்றிலிருந்து அது தினசரி வேலையாகிவிட்டது. அவள் ஈர விரல்களில் தீனியை ஒட்டி விடுவாள். அவர் கையைத் தூக்கி விளிம்பில் போடுவார். மீன்கள் வந்து விரல் விரலாகக் கொத்தும். கொஞ்சம் கொஞ்சமாக, விளிம்பிலிருந்து தண்ணீர் வரை அந்தக் கை தானாகவே போக ஆரம்பித்தது. பயிற்சி கொடுக்க வாரம் ஒருமுறை வரும் பிசியோ அம்மா இதைப் பார்த்துவிட்டு அசந்துபோனார். "நான் மல்லுக்கட்டியும் வராத அசைவு இந்த மீன்கிட்ட வருதே! விடாதீங்கம்மா. இந்தக் கை பொழைச்சுக்கும்" என்றார். பொழைச்சுக்கும் என்ற அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அவள் பல நாள் ஓட்டினாள்.

அப்புறம் அந்த மத்தியானம் வந்தது. நீல நூல் தீர்ந்துவிட்டது. அவர் தூங்கிக்கொண்டிருந்தார். வழக்கம்போலச் சத்தமில்லாமல் கதவை இழுத்துக்கொண்டு நூல் கடைக்குப் போனாள். கடையில் கூட்டம். திரும்பி வந்து கதவைத் திறந்தால், தலையணை கீழே கிடக்கிறது, போர்வை பாதி தரையில் புரள்கிறது, அவர் கட்டிலின் ஓரத்துக்கு இழுத்துக்கொண்டு வந்து அரையும் குறையுமாகத் தொங்குகிறார். அவள் பதறிப்போய், "என்னங்க இது, விழுந்து தொலைச்சிருந்தா என்ன ஆகறது? கொஞ்ச நேரம் சும்மா இருக்க மாட்டீங்களா?" என்று கத்திக்கொண்டே அவரைத் தூக்கிப் படுக்க வைத்தாள். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. நான் திட்டியதால் அழுகிறார் என்று நினைத்தாள். போர்வையை எடுக்கக் குனிந்தபோதுதான் பார்த்தாள். கட்டிலுக்கும் மேஜைக்கும் நடுவில், அவருடைய செத்த கைப் பக்கத்தில், அவசரக்காரி காய்ந்து கிடந்தது.

ஒரு சாண் தூரம். நல்ல கை அந்தப் பக்கம், மீன் இந்தப் பக்கம். சாயங்காலம் மாடிவீட்டுக்காரம்மா படியிறங்கி வந்து, "மத்தியானம் என்ன ரிப்பேரு? ரொம்ப நேரமா இரும்பைத் தட்டற சத்தம். மெஷினைப் பிரிச்சு மாட்டறேன்னு நெனச்சேன்" என்றார். அவள் கட்டில் கம்பியைப் பார்த்தாள், அவருடைய இடது உள்ளங்கையைப் பிரித்துப் பார்த்தாள். கன்றிச் சிவந்திருந்தது. வீட்டில் நான் இருக்கிறேன் என்று நினைத்துத்தானே தட்டியிருப்பார் என்று எண்ணியபோது அவளுக்கு அழக்கூடத் தெம்பில்லை.

ஆக, தொட்டியை மூடுவதா, திறந்தே வைப்பதா? மூடினால் அந்தக் கை போச்சு. திறந்து வைத்தால் இன்னொரு மீன் குதிக்கும், அவர் பார்த்துக்கொண்டே கிடக்க வேண்டும். மற்றவர்களுக்கு இது ஒரு மூடி விவகாரம். அவளுக்கு அது அவருடைய கையா, மனசா என்ற கேள்வி.

மீன் கடைக்காரரிடம் போய்க் கேட்டாள். "அக்கா, மீனுன்னா குதிக்கத்தான் செய்யும். குதிக்காத மீனு வேணும்னா பிளாஸ்டிக்ல இருக்கு, தரட்டுமா?" என்றார் அவர். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "கண்ணாடி மூடி போட்ருங்கக்கா. மூலைல தீனி போட ஒரு வெட்டு விட்டுத் தரேன்."

மகள் ஃபோனில் பொரிந்து தள்ளினாள். "ஒரு மூடி வாங்கிப் போடறதுக்கு இவ்ளோ யோசனையாம்மா?"

"உங்கப்பா கை என்ன ஆகும்டி?"

"கை, கை, கை! இன்னொரு தடவை அந்த மாதிரி பாத்தாருன்னா மனசு உடைஞ்சுடாது? நீ பக்கத்துலயே உக்காந்திருப்பியா நாள் பூரா?"

மகள் சொல்வதும் சரி. அந்த வாரம் வந்த பிசியோ அம்மாவோ தலையில் அடித்துக்கொள்ளாத குறை. "மூடிடாதீங்கம்மா! இப்ப விட்டா விரல் திரும்ப இறுகிப்போயிடும். அப்புறம் யாராலயும் பிரிக்க முடியாது." அவர் சொல்வதும் சரி. ஃபோனில் பேசினாலும் நேரில் பேசினாலும், எல்லாப் பேச்சும் கட்டிலுக்குத் தலைமாட்டில், வீட்டுக்காரர் தலைக்கு மேலேதான் நடந்தது. அவர் ஒவ்வொரு வாயாகப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

முதலில் தண்ணீரைக் குறைத்துப் பார்த்தாள். மட்டம் கீழே இருந்தால் குதித்தாலும் வெளியே வராது என்று மீன் கடைக்காரர் சொன்ன யோசனை. மீன் வெளியே வரவில்லை, சரிதான். அவருடைய விரலும் தண்ணீருக்கு எட்டவில்லை. காற்றில் தொங்கியது. மீன்கள் கீழேயிருந்து அதை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போயின. மறுபடி தண்ணீரை ஊற்றினாள்.

அடுத்தது கண்ணாடி மூடி. அவர் மத்தியானம் தூங்கும்போது அலுங்காமல் வைத்தாள். எழுந்ததும் பழக்கத்தில் இடது கையால் வலது கையைத் தூக்கிப் போட்டார். டொக்கென்று நகம் கண்ணாடியில் இடித்தது. இன்னொரு தரம் தூக்கிப் போட்டார். டொக். கண்ணாடியைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால்கூட அவள் தாங்கிக்கொண்டிருப்பாள். கையை இழுத்து மார்மேல் வைத்துக்கொண்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். இரவு ஒரு வாய் உள்ளே போகவில்லை, காலையிலும் போகவில்லை. "சரிங்க, எடுத்துட்டேன், பாருங்க, எடுத்துட்டேன்" என்று மூடியைக் கொண்டுபோய் மெஷினுக்குப் பின்னால் சாத்தி வைத்தாள்.

எடுத்தால் கை வரும் என்று நினைத்தாள். வரவில்லை. அவர் தொட்டியைப் பார்க்கத் திரும்பினார், அவ்வளவுதான். கொட்டக் கொட்டப் பார்த்துக்கொண்டே இருந்தார். மத்தியானத் தூக்கம் போயிற்று. தண்ணீரில் சளக்கென்று ஒரு சத்தம் கேட்டால் போதும், இடது கை கட்டில் கம்பியை இறுக்கிப் பிடிக்கும். காவல் காக்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது. கண்ணெல்லாம் ரத்தமாகச் சிவந்து கிடந்தது. பிசியோ அம்மா ரத்தக் கொதிப்பைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "இப்படித் தூங்காம இருந்தா இன்னொரு அட்டாக்குக்கு நாமளே வெத்தலை பாக்கு வெச்சு அழைக்கற மாதிரி. முதல்ல இவரைத் தூங்க வையுங்க."

அவளும் வெளியே போவதை நிறுத்தியிருந்தாள். நூல் தீர்ந்தால் மாடிவீட்டுக்காரம்மாவிடம் சொல்லி வாங்கிக்கொள்வாள். இரண்டு பேருமாக உட்கார்ந்து ஒரு தொட்டிக்குக் காவல். ஒரு கட்டத்தில் அவளுக்கு வெறுத்துவிட்டது. மூடினாலும் குற்றம், திறந்தாலும் குற்றம் என்றால் இந்தச் சனியனே வேண்டாம் என்று மீன் கடைக்காரருக்கு ஃபோன் போட்டாள். "எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிருங்க தம்பி. கல்லு, மோட்டாரு, எல்லாம்." நாளைக்கு வருகிறேன் என்றார் அவர். அவள் ஃபோனை வைத்துவிட்டுத் திரும்பினால், கட்டிலிலிருந்து அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டார். அவள் பார்வையைத் தாழ்த்திக்கொண்டு மெஷினில் போய் உட்கார்ந்தாள்.

மெஷினில் ஒரு சீருடைச் சட்டை கிடந்தது. கழுத்துக்குப் பட்டி வைத்தாயிற்று, கை வைக்க வேண்டும். உடம்புத் துணியின் தோள் வளைவில் கைத்துணியைப் பொருத்தி ஊசியை இறக்கியவள், பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டாள். சட்டை உடம்பை மூடத்தான் மூடுகிறது. அதற்காகக் கையையா மூடிக்கொள்கிறோம்? கைக்கு வழி விட்டுத்தானே தைக்கிறோம்? பிறந்ததிலிருந்து இதே வேலை. இத்தனை நாளாகக் கண்ணாடியையும் தண்ணீரையும் கட்டிக்கொண்டு அழுதேனே, மடச்சி, நான் டெய்லர் என்பதே எனக்கு மறந்துபோயிற்றா என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டாள்.

சட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பழைய கொசுவலையை இறக்கினாள். தொட்டியின் நீள அகலம் எடுத்தாள். தலையணை உறை மாதிரி ஒரு மூடி, விளிம்பைச் சுற்றிக் கவ்விக்கொள்ள எலாஸ்டிக், மோட்டார்க் குழாய் வெளியே வர ஒரு மூலையில் சின்னப் பிளவு. பக்கத்தில் ஒரு கை. கை முனைக்கு அவருடைய பழைய பனியனின் கழுத்துப்பட்டியை வெட்டி வைத்தாள். அது இழுத்தால் விரியும், விட்டால் தானாகச் சுருங்கிக்கொள்ளும், தோலில் உரசாது. அவசரத்தில் ஒரு கோளாறும் செய்தாள். எல்லாம் தைத்து முடித்துப் பொருத்திப் பார்த்தால், கை அவள் மெஷின் பக்கம் வந்து நிற்கிறது. தன் நாற்காலியில் உட்கார்ந்தபடி, தன் பக்கத்திலிருந்தே அளந்துவிட்டாள். யார் போட்டுக்கொள்ளப் போகிறார்களோ அவர்கள் பக்கம் நின்று அளக்க வேண்டும் என்பது தையலில் முதல் பாடம். தலையில் ஒரு குட்டு வைத்துக்கொண்டு, தையலைப் பிரித்து, கட்டில் பக்கமாகப் போய் மண்டி போட்டு, அவர் தோளை ஒட்டித் தலையை வைத்துக்கொண்டு மறுபடி அளந்தாள். அங்கிருந்து பார்க்கும்போதுதான் தெரிந்தது, அந்தத் தொட்டி எவ்வளவு பெரிதாக, எவ்வளவு கிட்டத்தில் இருக்கிறது என்று.

தைத்து முடித்ததும் மூடியை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு தொட்டிப் பக்கம் போனாள். அவர் கண்ணில் கலவரம் வந்தது. இடது கை கம்பியைப் பிடித்தது. கண்ணாடி மூடி வந்தபோது எப்படிப் பார்த்தாரோ அதே பார்வை.

அவள் அப்படியே நின்றுவிட்டாள். இது அவருக்காகத் தைத்தது, நல்லதுதான், கை வைத்துத்தான் தைத்திருக்கிறேன் என்று விளக்கம் சொல்ல வாயெடுத்தாள். வாயில் வந்தது வேறு. தொட்டிக்கு மேலே வலையைப் பிடித்தபடி, அவரைப் பார்த்து, "மூடலாமா?" என்றாள்.

கேட்ட பிறகுதான் அவளுக்கே உறைத்தது. ஆயுசெல்லாம் கேட்டுக் கேட்டுக் கதவு சாத்திய மனுஷன். அவரைச் சுற்றி இந்த வீட்டில் எத்தனை கதவு, எத்தனை ஜன்னல், எத்தனை மூடி! ஒன்றையாவது அவரைக் கேட்டு மூடியிருக்கிறேனா? பதில் வராது என்பதால் கேட்கவே வேண்டாம் என்று முடிவு கட்டிவிட்டேனே, பாவி, என்று தன்னையே திட்டிக்கொண்டாள். கண்ணீர் மறைத்தது. ஆனாலும் கையை இறக்கவில்லை.

அவர் தலையாட்டவில்லை. தொட்டியின் இந்த ஓரத்திலிருந்து பார்க்க ஆரம்பித்தார். மேஸ்திரியைப் பார்த்தார். குமிழிக்கு நடுவில் போகிற மீனைப் பார்த்தார். ஒன்று ஒன்றாக, அந்த ஓரம் வரை போனார். போய் ஓட்டைக் கல்லில் நின்றுவிட்டார். தூங்குமூஞ்சி வெளியே வரவில்லை. அவள் தோள் கடுத்தது. "உள்ளதாங்க இருக்கு, அது எங்க போகப் போகுது?" என்றாள். ம்ஹூம். மனுஷன் கல்லை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஃபிரிட்ஜ் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாரே, அதே ஆள்தான், ஒன்றும் குறையவில்லை என்று அவளுக்கு அந்த வேதனையிலும் சிரிப்பு வந்தது. அவளும் பிடித்துக்கொண்டு நின்றாள். கடைசியில் தூங்குமூஞ்சி கல்லுக்குள்ளிருந்து மூக்கை நீட்டியது. பிறகு முழுசாக வெளியே வந்து ஒரு சுற்று சுற்றியது.

அவருடைய இடது உள்ளங்கை எழுந்து கட்டில் கம்பியில் இரண்டு தட்டு தட்டியது. அந்த மத்தியானத்தில் மாடிவரை கேட்ட தட்டல் இல்லை. வேன் தகரத்தில் கேட்டுப் பழகிய தட்டு. தடம் மாறாமல் வந்த முதல் பதில் அது.

அவள் மூடினாள். எலாஸ்டிக் விளிம்பைக் கவ்விக்கொண்டது. அவர் கொஞ்ச நேரம் வலையில் தைத்த கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இடது கையால் வலது கையைத் தூக்கி, பனியன் பட்டிக்குள் விரல்களை நுழைக்கப் பார்த்தார். முதலில் அவை மடங்கிக்கொண்டன. அவள் உதவிக்குப் போனாள், போனவள் பாதியில் நின்று, "பிடிக்கட்டுமா?" என்று கேட்டாள். தட்டு விழவில்லை. சரி என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவரே நுழைத்தார். விரல் தண்ணீரைத் தொட்டதும் மேஸ்திரி கல்லைப் போட்டுவிட்டு ஓடி வந்தான்.

மறுநாள் மீன் கடைக்காரர் பெரிய வாளியோடு வந்து நின்றார். வலையையும் அதில் தொங்கிய கையையும் பார்த்துவிட்டு, "என்னக்கா, தொட்டிக்குச் சட்டை தைச்சுட்டீங்களா?" என்று வியந்தார். வாளியை வெறுமனே எடுத்துக்கொண்டு திரும்பினார். அப்போது கட்டிலில் வீட்டுக்காரர் தூங்கிக்கொண்டிருந்தார், வாயைத் திறந்துகொண்டு, குறட்டையோடு. எத்தனையோ நாளைக்குப் பிறகு வந்த தூக்கம்.

அடுத்த நாள் மத்தியானம் மறுபடி நூல் தீர்ந்தது. அவள் பையை எடுத்துக்கொண்டாள். அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பழக்க தோஷத்தில் ஓசைப்படாமல் வாசல் வரை போய்விட்டாள், கதவில் கையும் வைத்துவிட்டாள். அங்கேயே கொஞ்ச நேரம் நின்றாள். திரும்பி வந்து அவர் தோளைத் தொட்டாள். "என்னங்க, நூல் கடைக்குப் போறேன். கூட்டம் இருந்தா கொஞ்சம் நேரமாகும். ஆனா வந்துருவேன்" என்றாள். அவர் கண்ணைத் திறந்தார். அவள் பயந்த மாதிரியே முகம் வாடத்தான் செய்தது. அவள் வாசலுக்குப் போய், கதவைப் பிடித்துக்கொண்டு, அறையை ஓரத்திலிருந்து ஓரம் வரை ஒருமுறை பார்த்தாள். தொட்டி, தண்ணீர்ச் செம்பு, தலையணை, அவர்.

"மூடலாமா?"

பதிலுக்கு அவள் காத்திருந்தாள். தெருவில் ஒரு வண்டி போய் ஓய்ந்தது. காத்துக்கொண்டே நின்றாள்.

கட்டில் கம்பியில் இரண்டு தட்டு விழுந்தது. அதன் பிறகுதான் கதவைச் சாத்தினாள்.